ரோண்டா சொன்ன வழி

"கண்ணு, சனிக்கிழமை காலையில எட்டு நாப்பதுக்கு உங்க கடையில முப்பத்தெட்டுப் பேர் உட்கார முடியுமா? முடியாதா? சரி, நின்னுக்கிட்டே சாப்பிடுற மாதிரி என்ன குடுப்ப?"

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ரோண்டா குச்செரா பேசிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை மதியம். ஜன்னலுக்கு வெளியே சோளம் ஏற்றிய லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நிற்கிறது. எடையைப் பார்க்கிறாள், சீட்டில் எழுதுகிறாள், ஓட்டுநரிடம் நீட்டுகிறாள், போகலாம் என்று தலையை ஆட்டுகிறாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"கழிப்பறை எத்தனை? ரெண்டுதானா? அய்யய்யோ, அப்போ உன் கடை சரிப்படாது தங்கம். எங்க கூட்டத்துல க்ளென்னு ஒருத்தன் இருக்கான். அவன் ஒருத்தனுக்கே ஒண்ணு வேணும்."

அந்த க்ளென் நான்தான். விதை வியாபாரி. அன்று புது ரகச் சோளத்தின் விலைப்பட்டியலைக் கொடுக்கப் போய், அவள் மேசை முன்னால் அசட்டுச் சிரிப்போடு நின்றிருந்தேன்.

பள்ளியில் நாங்கள் ஒரே வகுப்பு. அதனால் மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. ஐம்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் என்னை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். இருபத்தேழு வருடமாக எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடை போடுகிறாள். லாரி வருகிற சத்தத்தை வைத்தே ஈரச் சோளமா காய்ந்த சோளமா என்று சொல்லிவிடுவாள். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள், ஆனால் சொல்கிற தோரணையைப் பார்த்தால் எதிர்த்துப் பேச வராது.

எங்கள் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிக்கு ஃபுட்பால் அணி உண்டு, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். ஒரு பருவத்தில் ஐந்து ஆட்டம் வெளியூரில். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் பெற்றவர்களாகப் பிறந்துவிட்டால் அந்த ஐந்துக்கும் போயாக வேண்டும், அது எழுதாத சட்டம். பன்னிரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எந்தச் சாலை, யார் எதைச் சமைத்து எடுத்து வருவது, எல்லாம் ரோண்டா போடும் திட்டம். கொட்டை எழுத்தில் எழுதிப் படியெடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுவாள். அதில் 'க்ளென் நிறுத்தம் 1', 'க்ளென் நிறுத்தம் 2' என்றெல்லாம் இருக்கும். என் மனைவி பாம் செய்கிற உருளைக்கிழங்கு சாலட்டுக்கு நிரந்தரத் தடை. ஏன் என்று பாம் ஒருமுறை கேட்டாள். "உனக்கு நிஜமாவே தெரியணுமா?" என்றாள் ரோண்டா. பாம் அதோடு விட்டுவிட்டாள்.

செல்பேசி காட்டுகிற வழி அவளுக்கு ஆகாது. "போனுக்கு ரோடு தெரியும்யா. அறுவடை தெரியுமா?" என்பாள். நவம்பரில் எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஊர்க் கிடங்கின் வாசலிலும் லாரி வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டு நிற்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு நெரிசல் என்று அந்தந்தக் கிடங்குக்காரர்களையே கூப்பிட்டுக் கேட்டு, வரைபடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். போன வருடம் நான் அதிமேதாவியாய் செல்பேசியை நம்பிக் குறுக்கு வழியில் போய், ஒரு அறுவடை இயந்திரத்தின் பின்னால் பதினோரு மைல் ஊர்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஆட்டத்தில் கால்பாகம் முடிந்திருந்தது. ரோண்டா எனக்காக எடுத்து வைத்திருந்த காப்பியைக் கொடுத்தாள், அது பனிக்கட்டி மாதிரி இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் அவளுக்கு இப்போது அணியில் பிள்ளை கிடையாது.

டெவின் என்று ஒரே மகன். பந்தை வைத்திருப்பவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஆட்டக்காரன், ஆஜானுபாகு. என் மகன் க்ரேடியும் அவனும் ஒரே வருடம் கல்லூரியில் சேர்ந்தார்கள். இரண்டாம் வருடம் அக்டோபர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ஒத்தாசை செய்ய வீட்டுக்கு வந்தான். இரும்புக் குதிருக்குள் சோளம் கட்டிப்போயிருந்தது. கம்பியால் குத்திவிட உள்ளே இறங்கினான். சோளம் சரிந்து அவனை மூடிவிட்டது. குதிரின் பக்கவாட்டை ரம்பத்தால் அறுத்தவர்களில் நானும் ஒருவன். இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, வெளியூர் ஆட்டம். அந்த வாரம் யாரும் போக வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். புதன்கிழமை வீட்டுக்கு வீடு ரோண்டாவின் தாள் வந்தது, கொட்டை எழுத்தில். நான் ஓடினேன். "என்ன ரோண்டா இது?" என்றேன். "மத்த புள்ளைங்க ஆடுறாங்கல்ல? அவங்களைப் பார்க்க ஆள் வேணாமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த லாரிக்கு எடை போடத் திரும்பிக்கொண்டாள். அவள் புருஷன் டேல் அன்று முதல் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. சோளத்தையும் வயலிலிருந்தே விற்றுவிடுகிறார், வீட்டில் சேர்த்து வைப்பதில்லை.

வெளியூர் ஆட்டத்துக்கு எங்களுக்கு டிக்கெட் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டக்காரனும் நாலு பேரின் பெயரைப் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம். அரங்க வாசலில் மேசை போட்டு அந்தப் பட்டியலோடு யாராவது ஒரு மாணவி உட்கார்ந்திருப்பாள். பெயரைச் சொன்னால் உள்ளே விடுவாள். அந்தச் சனிக்கிழமை ரோண்டா பட்டியல் பக்கமே போகாமல், டிக்கெட் வாங்குகிற வரிசையில் போய் நின்றாள். மேசையில் இருந்த பெண் எங்கள் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, "குச்செரா, ரோண்டா. இவங்க வரலையா?" என்று கேட்டாள். டெவினோடு சேர்ந்த பையன்கள் பதினோரு பேர். அவர்களில் ஒருவன் தன் நாலில் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ஒருவன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பையன்களே முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வாரம் யார் என்று ரோண்டா கேட்க மாட்டாள். மேசைப் பெண்ணின் விரல் பட்டியலில் இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெயர் வந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். திங்கட்கிழமை அந்தப் பையனின் விடுதிக்கு ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோல் போய்ச் சேர்ந்துவிடும்.

"நீயே கேட்டு வச்சா என்ன? இல்லாட்டி டிக்கெட் வாங்கிட்டுப் போயேன், என்ன பெரிய காசு?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"யோவ், டிக்கெட் வாங்கினா நான் வேடிக்கை பார்க்க வந்தவ. கேட்டு வாங்கினா பிச்சைக்காரி. அவங்களா எழுதினாத்தான்யா அம்மா," என்றாள்.

இந்தப் பருவத்தோடு அந்தப் பதினோரு பேரும் படிப்பை முடிக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமை ரோண்டா திட்டம் போட்டுக்கொண்டிருந்த தெற்கு டக்கோட்டா ஆட்டம்தான் அவர்களுக்குக் கடைசி வெளியூர் ஆட்டம். அடுத்த வருடம் பட்டியலில் ரோண்டாவின் பெயரை எழுத ஒருவனும் இருக்க மாட்டான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று நான் போய் நின்றபோது, மூன்று கழிப்பறை உள்ள கடையைத் தேடி அவள் ஏழாவது ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை க்ரேடி கூப்பிட்டான்.

"அப்பா, லிஸ்ட்டுல யார் யார் பேரு?"

"நான், அம்மா, ஒமாஹாவுல இருந்து கர்ட் மாமா, அத்தை. கடைசி ஆட்டமாச்சே, வரேன்னு துடிக்கிறாங்க."

"நாலும் ஆயிடுச்சே. இந்த வாரம் ரோண்டா ஆன்ட்டி பேரு நான் போடணும்பா. மத்தவங்களைக் கேட்டுப் பார்த்தேன், எல்லார் வீட்லயும் தாத்தா பாட்டின்னு ஃபுல்லா இருக்கு."

"இன்னும் பத்துப் பேர் இருக்காங்கடா, யாராவது போட்டிருப்பான். மாமாகிட்ட வரச் சொல்லிட்டேன், இப்போ வேணாம்னா நல்லாவா இருக்கும்?"

"சரிப்பா," என்றான்.

இதைச் சொன்னவன் நான். டெவினுக்காகக் குதிரின் பக்கவாட்டை அறுக்க ரம்பம் பிடித்த அதே ஆள். கர்ட் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அவன் கிரீடம் ஒன்றும் இறங்கியிருக்காது. மச்சான் முகம் சுண்டிவிடக் கூடாதே என்ற நினைப்புத்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அன்று ராத்திரியே அது எனக்கு மறந்தும் போனது.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ரோண்டா போட்ட வழியில் ஒரு லாரி குறுக்கே வரவில்லை. எட்டு நாற்பதுக்குக் கடை வாசலில் முப்பத்தெட்டு முட்டை ரொட்டிகள் பொட்டலமாகத் தயாராக இருந்தன. பதினொன்றேகாலுக்கு அரங்கத்தின் வண்டி நிறுத்தத்தில் அடுப்பை மூட்டிச் சில்லியை, காரமான மாட்டுக்கறிக் குழம்பை, சூடாக்கினாள். அதில் இலவங்கப்பட்டை ரோலைத் தொட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். எதிரணிக்காரர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். "குமட்டுதுன்னா அந்தப் பக்கம் பாருங்கப்பா," என்று ரோண்டா அவர்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். கர்ட் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

பன்னிரண்டேகாலுக்கு மேசை. எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் வருவாள். நான் உள்ளே போய் நாலடி தள்ளி நின்று பையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"குச்செரா, ரோண்டா," என்றாள்.

மாணவியின் விரல் கீழே வரை இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"இல்லையேம்மா. நீங்க எந்த ப்ளேயரோட அம்மா?"

ரோண்டா மேசை மேல் குனிந்தாள்.

"பின் பக்கம் இருக்கும் கண்ணு, திருப்பிப் பாரேன்."

அந்தப் பெண் தாளைத் திருப்பினாள். அது வெறும் வெள்ளைத் தாள்.

"சரிடா தங்கம், நீ என்ன பண்ணுவ," என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சில்லி அடுப்புல இருக்குய்யா. யாராவது பார்த்துக்கணும். நீ போ, ஆரம்பிச்சிடப் போறான்," என்றாள்.

அடுப்பை அரைமணி முன்பே நானே அணைத்திருந்தேன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் உள்ளே போனேன். போய் உட்கார்ந்தேன். அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் வேலியோரம் வந்து தங்கள் வீட்டாரைத் தேடிப்பிடித்துக் கையாட்டுவார்கள். க்ரேடி வந்தான். எங்கள் நாலு பேரையும் பார்த்தான். எங்கள் தலைக்கு மேலே வரிசை வரிசையாகத் தேடினான். பிறகு என்னையே பார்த்தான். என்னால் நிமிர முடியவில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை, எழுந்து வெளியே வந்தேன். பன்னிரண்டு வண்டிகளில் அவளுடையதில் மட்டும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வானொலியில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள்.

"ரோண்டா, இது க்ரேடியோட முறை. அவன் கேட்டான். நான்தான் கர்ட் பேரைப் போடச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பத்துப் பசங்க போட்டாச்சு, உன் புள்ள மட்டும்தான் பாக்கி. எனக்கு எண்ணத் தெரியாதா? புதன்கிழமை உன் மச்சான் போன் பண்ணான். 'க்ரேடி எங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்துட்டான், நாலும் ஆயிடுச்சாம், ஒமாஹாவுல இருந்து எப்படி வரட்டும்'னு கேட்டான். இருபத்தொம்பதாம் நம்பர் ரோட்டுல நேரா வடக்க வா, எல்லை தாண்டினதும் ரெண்டாவது எக்ஸிட்டுல பெட்ரோல் போட்டுக்கோ, அதுக்கப்புறம் பங்க் கிடையாதுன்னு சொன்னேன்." வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். "வழி சரியா இருந்துச்சாமா?"

"இருந்துச்சாம்," என்றேன். "தெரிஞ்சும் ஏன் ரோண்டா மேசை வரைக்கும் வந்த?"

"யாராவது ஒருத்தன் ரெண்டாவது தடவை எழுதியிருக்க மாட்டானான்னு ஒரு நப்பாசைதான்யா."

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே அரங்கம் ஓவென்று கத்தியது. ஒரு நொடி தாமதித்து வானொலியும் கத்தியது. யார் பந்தைப் பிடித்தது என்று அறிவிப்பாளன் சொல்லிக்கொண்டிருந்தான், க்ரேடியின் பெயர் மாதிரிக் கேட்டது. ரோண்டா அந்தப் பக்கம் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.