பச்சை பீரோவில் இருந்த படிப்பு

வேல்விழியின் படிப்பு முழுவதும் கல்லூரி அலுவலகத்தில் ஒரு பச்சை பீரோவுக்குள் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி, சுரங்கவியலில் வாங்கிய எம்.இ. பட்டம் வரை எல்லாமே அசல். வேலையில் சேர்ந்த அன்று, "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை கிடைத்திருக்காது.

ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையில் இருந்தது அந்தக் கல்லூரி. தாளாளர் கல் குவாரியில் பணம் பார்த்தவர். சுற்றிலும் கார் கம்பெனிகள் வந்தபோது எல்லோரையும் போல மெக்கானிக்கல் திறந்தார். காற்று மாறியபோது கம்ப்யூட்டர் திறந்தார். இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு மூன்று வகுப்பறை கட்டியிருக்கிறார். இவற்றோடு, சோறு போட்ட தொழிலுக்கு மரியாதையாக, சுரங்கவியல் துறை ஒன்றையும் திறந்து கல்லூரியின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். வாசல் வளைவில் 'பொறியியல் மற்றும் சுரங்கவியல் கல்லூரி' என்று ஆளுயர எழுத்துகள். அந்தச் 'சுரங்கவியல்' இல்லாவிட்டால், அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

சரி, பெயரை எழுதிவிடலாம். பாடம் நடத்த ஆள்? சுரங்கவியல் படித்த பையன்கள் சுரங்கத்துக்குப் போனார்கள். வேல்விழி படித்து முடித்த காலத்தில், பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவள், மண்ணூரிலிருந்து பஸ் பிடித்து இங்கே வந்து சாக்பீஸைப் பிடித்தாள். பிறகு சட்டம் மாறியது. அந்தச் செய்தியை அவளே வகுப்பில் வாசித்துக் காட்டினாள். பையன்கள் கை தட்டினார்கள். அவள் பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் விடாமல் விண்ணப்பம் போட்டாள். இந்த வருடப் பிறப்பில் ராஜஸ்தானில் ஒரு துத்தநாகச் சுரங்கத்திலிருந்து வேலை வந்தது. நிலத்தடியில், ஷிப்ட் பொறுப்பாளர். மார்ச் கடைசிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும்.

அப்பா சுப்பிரமணிக்கு முதலில் பயம். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவர்.

"பூமிக்கு அடியிலயா? அங்க இன்னாம்மா கீது?"

"துத்தநாகம்பா."

"நம்ம நெலத்துக்கு அடியில இருந்திருந்தா நான் வித்தே இருக்க மாட்டேன்" என்று சிரித்தார். அன்று மாலையே புதுப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நடு வீட்டில் வைத்தார்.

சான்றிதழ்களைக் கேட்டு வேல்விழி அலுவலகத்துக்குப் போனாள். பீரோவின் சாவி கண்காணிப்பாளர் பராங்குசத்தின் இடுப்பில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்; காலையில் கோயில் கைங்கரியம், நெற்றியில் திருமண் கலையாமல் பத்து மணிக்கு ஆபீஸ்.

"என் கையில என்னம்மா இருக்கு? சாவி மட்டுந்தான். தாளாளர் சொல்லாம தொறந்தேன்னா நாளைக்கு நான் ஆத்துல உக்காந்துக்க வேண்டியதுதான்" என்றார். பொய் சொல்லவில்லை. அதுதான் அவர் மேல் கோபப்படவும் முடியாமல் செய்தது.

தாளாளர் அவளை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். "சந்தோஷம்மா. நீ நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. அடுத்த வாரம் அப்ரூவல் இன்ஸ்பெக்‌ஷன். அத மட்டும் முடிச்சுக் குடு. மறுநாள் உன் சர்டிபிகேட்ட நானே என் கையால எடுத்துத் தரேன்."

பல்கலைக்கழகத்தில் நகல் பட்டம் வாங்கலாமா என்றும் அவள் விசாரித்திருந்தாள். தொலையாததைத் தொலைந்தது என்று போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும்; அதற்குப் பிறகும் பல மாதம் ஆகும். எனவே ஒரு வாரம்தானே என்று தலையை ஆட்டினாள்.

சுரங்கவியல் துறையின் பெயர்ப்பலகையில் எட்டு ஆசிரியர்கள். துறையில் இருந்தது அவளும், எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடத் தயாராக இருந்த இரண்டு பேரும். மீதியை நிரப்ப ஆட்கள் வந்தார்கள். குவாரி மேஸ்திரி ஒருவர், வாலாஜாபாத்தில் டியூஷன் நடத்துகிற கணக்கு வாத்தியார், தாளாளரின் மச்சான், இன்னும் இருவர். காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக் கோட்டுகள் வந்து இறங்கின. அவர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது வேல்விழியின் வேலை.

"நீங்க சுரங்கக் காற்றோட்டம் நடத்தறீங்க, சார்" என்றாள் மச்சானிடம்.

"காத்தோட்டம்னா, ஜன்னலாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகைப் பதிவேட்டில், அவர்கள் வருடம் முழுவதும் வந்து பாடம் நடத்தியதாகத் துறையின் சார்பில் கையெழுத்துப் போட்டபோது கை கூசியது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டு முடித்தாள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற வயதான பேராசிரியர். கோட்டுப் போட்டவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தவர், ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டார். வேல்விழியும் மாணவர்களும் சேர்ந்து செய்த சுரங்க மாதிரி அங்கே இருந்தது. கண்ணாடிப் பக்கங்கள், சின்ன மின்விசிறி. ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தால் புகை எந்த வழியாகப் போய் எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கிழவர் குழந்தை மாதிரி இரண்டு முறை கொளுத்தச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவளைத் தனியே ஓரமாக அழைத்தார்.

"உண்மையச் சொல்லும்மா. இவங்க எல்லாரும் இங்கதான் வேலை பார்க்கறாங்களா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் துறை அன்றோடு மூடப்படும், பீரோ திறக்கவே திறக்காது. வேல்விழி தரையைப் பார்த்தாள்.

"ஆமாம் சார்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த மாதிரியையும் அவளையும் பார்த்து மனசு இளகிவிட்டார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அறிக்கையில் எழுதினார்: துறைக்கு மூன்று ஆண்டு அங்கீகாரம், பேராசிரியை வேல்விழி பொறுப்பில் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மறுநாள் தாளாளர் மேசையில் ஸ்வீட் பாக்ஸ் இருந்தது. சான்றிதழ் இல்லை.

"இன்னியிலேர்ந்து நீதான் துறைத் தலைவர். நீ போனா அப்ரூவலே போச்சும்மா. மூணே வருஷம்."

"நீங்க குடுத்த வார்த்தை என்ன ஆச்சு சார்?"

"வார்த்தை அப்பிடியேதான் கீது. தேதிதான் தள்ளிப் போயிருக்கு."

"நான் கம்ப்ளைண்ட் குடுப்பேன்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தாராளமா குடு. என் மச்சான் வருஷம் பூரா வந்து பாடம் எடுத்தான்னு கையெழுத்துப் போட்டது யாரு, நானா?"

வேல்விழி வெளியே வந்தாள். வராந்தாவில் நின்றிருந்த பராங்குசம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

சுரங்கக் கம்பெனியில் ஒரு மாதம் தவணை கேட்டாள். கொடுத்தார்கள். அதுவும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புதுப் பெட்டிக்குள் பழைய போர்வைகளை மடித்து வைத்துப் பரண் மேல் ஏற்றினார். அதைப் பார்த்தபோதுதான் வேல்விழிக்கு அழுகை வந்தது.

ஜூனில் அட்மிஷன். துறைத் தலைவர்கள் எல்லோரும் வாசலுக்கு நேரே மேசை போட்டு உட்கார வேண்டும். மண்ணூரிலிருந்தே ஒரு பெண் வந்தாள், பூஜா. கணக்கில் நல்ல மார்க். அவள் அப்பா ஒரு கம்பெனி லைனில் ஓவர்டைம் பார்த்துவிட்டு யூனிபார்மோடு வந்திருந்தார்.

"மேடம், பொண்ணுங்களும் இப்ப சுரங்கத்துல எறங்கலாமாமே?" பூஜாவின் கண் பளபளத்தது.

"எறங்கலாம்" என்றாள் வேல்விழி. சட்டப்படி அது உண்மைதான்.

பூஜாவின் அப்பா பிளாஸ்டிக் பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து நீட்டினார். வேல்விழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரிஜினலப் பார்த்துட்டேன். அது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. ஜெராக்ஸ் போதும்."

அவர் முகம் சுருங்கியது. "ஏம்மா, வேற காலேஜ்ல எல்லாம் மொதல்ல ஒரிஜினலத்தான் கேக்கறான். நீ வேணாங்கறே. அப்ப எம் பொண்ணுக்கு சீட்டு உறுதி இல்லியா?"

"அப்படி இல்லண்ணா, சீட்டு உறுதி. நான் சொல்றதக் கேளுங்க, வூட்லயே வெச்சுக்கோங்க."

"இன்னாம்மா நீ, நம்ம ஊருப் பொண்ணாச்சேன்னு உன்ன நம்பி வந்தா, தட்டிக் கழிக்கறியே!" அவர் சத்தம் கூடியது. பக்கத்து மேசைகள் திரும்பின. தாளாளரின் அறைக் கதவும் திறந்தது. அவர் வந்து அந்த மனிதரின் தோளில் கை போட்டார்.

"இன்னா விஷயம்? சீட்டு கன்பார்ம். மேடம், வாங்கிக்கோங்க."

வேல்விழி வாங்கிக்கொண்டாள். பூஜாவின் அப்பா இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டார். உறையின் மேல் பெயரை எழுதும்போது, "இனிஷியல் எஸ், மேடம்" என்று பூஜா எட்டிப் பார்த்துச் சொன்னாள். வேல்விழிக்கும் அதே இனிஷியல்தான்.

உறையை வேல்விழிதான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். பராங்குசம் பீரோவைத் திறந்தார். தட்டில் இடம் இல்லை. அவளுடைய பழைய உறையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதன் மேல் பூஜாவின் உறையை வைத்துப் பூட்டினார்.