வயர் தெரியாத கேமரா

போன வாரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஹாரன் சத்தமே ஆகவில்லை. தெருவில் யாராவது ஒரு அடி அடித்தால் போதும்... கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். காரணம், நானே ஆசைப்பட்டுக் கடைக்குப் போய் வாங்கிய பொருள்தான். டேஷ்கேம், அதாவது காரில் மாட்டும் கேமரா!

என் மகள் கோமதிக்கு இது ஏழாவது மாதம். ஒரு டாக்டர், ஒரு கோயில் விடாமல் அலைந்து, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு தங்கிய பிள்ளை. மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு கங்கைகொண்டானில் வேலை. இருவரும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். சம்பந்தி வீடு கல்லிடைக்குறிச்சி. சம்பந்திக்கு ஆபரேஷன் ஆகியிருப்பதால், ஞாயிறு தோறும் இவர்கள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்த ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வளைவு எங்கே வரும் என்று காத்திருந்து, அங்கே வைத்துத்தான் முந்துவார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் சொன்னார், “காருக்கு ஒரு கேமரா போட்டுருங்க. ஏதாவது ஒண்ணு நடந்தா சாட்சி இருக்கும்லா?” சாட்சியாம்! ஒன்றும் நடக்கக் கூடாது என்றுதானே ஊரில் உள்ள சாமியை எல்லாம் கும்பிடுகிறோம்? இருந்தாலும் அவர் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுநாளே மாப்பிள்ளையிடம் சாவியை வாங்கி, என் வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி, வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் பெயர் சுடலைமணி. நான் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். ஒரு வயர் கூட வெளியே தெரியக் கூடாது! எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காரில் வயர் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

மனிதர் நிதானமாகச் செய்தார். நடுக் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை ஒட்டினார். கரண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து, கூரைத் துணிக்குள் வயரைப் பையப் பைய நுழைத்தார். “ஓரத்துல ஏர்பேக் இருக்குக்கா. அதுக்கு முன்னால வயரு வரக் கூடாது. பின்னால விடுதேன்” என்றார். அப்புறம் கதவு ரப்பரைப் பிரித்து, கால் மிதி விரிப்புக்கு அடியில் கொண்டுபோய், ஃபியூஸ் பாக்ஸில் சேர்த்தார்.

“வயரு எங்கன போவுதுன்னு கண்டுபிடிங்க பாப்போம். கண்டுபிடிச்சிட்டியன்னா நான் கடைய மூடிருதேன்.”

தேடிப் பார்த்தேன். தெரியவே இல்லை. எனக்குப் பெருமையான பெருமை!

“ஆப்பு யாரு போன்லக்கா போடணும்?” என்று கேட்டார். மாப்பிள்ளை போனில் என்று சொல்லியிருக்க வேண்டும்தானே? நான் என் போனை நீட்டினேன்.

கேமராவுக்குள் ஒரு சிம் இருக்கிறது. கார் எங்கே போனாலும் எதிரே உள்ள ரோட்டை நாம் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. “இந்த மைக்க அழுத்திட்டுப் பேசுனா வண்டிக்குள்ள கேக்கும்” என்றும் சொல்லித் தந்தார். நான் எங்கே அதைக் கேட்டேன்? போனில் தெரிந்த வண்ணார்பேட்டையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் கிளம்பினார்கள். நான் போனைத் திறந்து உட்கார்ந்தேன். பேட்டை தாண்டும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. பைக்கில் வந்த ஒருவன் திடீரென்று உள்ளே வெட்டினான். ஒரு ஆடு ரோட்டுக்கு நடுவில் நின்று யோசித்தது. காருக்குள் மகள் பக்கத்தில் இருந்து ரோட்டைப் பார்ப்பது வேறு. மகள் அங்கே, நான் இங்கே என்று உட்கார்ந்து பார்ப்பது இருக்கிறதே... அந்தக் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

“ஏளா, அத அங்கன வச்சிட்டு வந்து இட்லியத் தின்னு” என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீங்க சும்மா இருங்க. மாப்ள லாரிக்குப் பின்னாலயே போறாவ. முந்தவும் மாட்டேங்காவ, விலகவும் மாட்டேங்காவ.”

பத்தமடையில் அந்த லாரி வேறு பக்கம் திரும்பிவிட்டது. கார் ஊரைத் தாண்டியது. ரெண்டு பக்கமும் வயல், முன்னால் ஒரு வளைவு. அதில் எதிரே ரெண்டு பஸ். ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு! முந்துகிற பஸ் முழுசாக நம் பக்கத்தில் வந்தது. திரை முழுக்க அதன் முகம்தான்.

“ஐயோ... மாப்ள! பிரேக்கு! பிரேக்கப் போடுங்க!”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். போனை ரெண்டு கையாலும் நெரித்துக்கொண்டு கத்தினேன். படம் ஓரமாக ஒதுங்கி, மறுபடி கொஞ்ச நேரம் நேராக ஓடியதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. திடீரென்று குலுங்கியது. மரம், மண், வயல் எல்லாம் சரிந்தன. நான் இன்னும் கத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் திரை கறுத்துவிட்டது.

கோமதிக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன். எடுக்கவில்லை.

எதற்கும் அசையாத மனிதர் என் வீட்டுக்காரர். அவர் கை சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டது. “கெளம்பு, ஆட்டோ புடிப்போம்” என்றார். என் மகள், அவள் வயிற்றில் உள்ள பிள்ளை... எனக்கு அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் கேட் வரைக்கும் வந்தேன்.

போன் அடித்தது. கோமதி!

“அம்மா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

உயிர் வந்தது. என்னைத் திட்டுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

“கண்ணாடிக்குப் பின்னால இருந்து பேய் மாதிரி ‘பிரேக்கு’ன்னு கத்துத! அவிய பதறிப்போயி பிரேக்கப் போட்டுட்டாவ. பின்னால ஜல்லி லாரி வந்துட்டு இருந்திச்சும்மா. அந்த டிரைவரு ஒடிச்சுத் திருப்பினதால பொழச்சோம். நாங்க ஓரத்து மண்ணுல போய் நிக்கோம்.”

“அந்த பஸ்ஸு?”

“எந்த பஸ்ஸு? அது அப்பவே போயாச்சி. நாங்க ஒதுங்கி, அதுவும் போயி, காலி ரோட்டுல பைய போயிட்டிருந்தோம். அப்பம்தான் நீ கத்துத.”

ஆமாம். படம் எனக்கு வந்து சேரச் சில விநாடி பிந்துகிறது. என் கட்டை விரல் மைக்கின் மேலேயே இருந்திருக்கிறது.

“வண்டிய நிப்பாட்டின பெறகும் நீ விடல. ஒன் சத்தத்த நிப்பாட்ட வயரப் புடுங்கலாம்னு பாத்தா, அது எங்கன கெடக்குன்னே தெரியல! கடைசியில துப்பட்டாவ எடுத்து அது மேல போட்டேன்.”

மாப்பிள்ளை போனை வாங்கினார். அதிகம் பேசாத பிள்ளை. அவருக்கும் மூச்சு வாங்கியது. “அத்தை, பிள்ளை அசையுதாம். கோமு சொல்லுதா. பயப்படாதிய.”

கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நான் பயந்தது போய்விட்ட பஸ்ஸுக்கு. நான் பார்க்காத லாரிக்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தியது என் சத்தம். யோசித்துப் பாருங்கள்... பிள்ளைகளின் படிப்பில், வேலையில், கல்யாணத்தில் எல்லாம் நாம் இதைத்தானே செய்கிறோம்? அவர்கள் தாண்டிப் போய்விட்ட ஒன்றைப் பார்த்து, இங்கிருந்து பிரேக் போடச் சொல்கிறோம்.

கேமரா காரில்தான் இருக்கிறது. ஆப் மாப்பிள்ளை போனுக்குப் போய்விட்டது. நேற்று மறுபடியும் கிளம்பினார்கள். “போய்ச் சேந்ததும் நானே கூப்பிடுதேன். அதுவரைக்கும் நீ கூப்பிடக் கூடாது” என்று கோமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்னபடி கூப்பிட்டாள். சௌகரியமாகப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, மாமியார் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாளாம்.

நான்தான் இன்னும் பத்தமடை வளைவைத் தாண்டவில்லை!