ஒரே அறையிலிருந்து வந்த நட்சத்திரங்கள்

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றுதான் அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால். பிறகு முகத்துக்கு நேரே. நாளடைவில், சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை யாராவது சொன்னால் அவளே ஒரு கணம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில். பாடமோ பாட்டோ மென்பொருளோ, யார் வேண்டுமானாலும் ஏற்றி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எதை நம்பி இறக்குவது என்று திகைப்பவருக்காக ஒவ்வொரு கோப்பின் கீழும் இரண்டு சாட்சிகள் நிற்கும். எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கை ஒன்று. இறக்கியவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் மற்றொன்று. இந்தச் சாட்சிகளைக் கூலிக்குப் பிடிக்க முடியும் என்பது ஊரறிந்த செய்தி. அவ்வாறு பிடிக்கப்பட்டவற்றை இனங்கண்டு நீக்குவது சரிபார்ப்புப் பிரிவின் பணி.

அந்தப் பிரிவின் விதிகளில் பெரும்பாலானவை அவள் எழுதியவை. ஒரே இணைப்பிலிருந்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில், எல்லாமே ஐந்து நட்சத்திரங்களாக, ஒரே சொல்லைக் கருத்தாகத் தாங்கி வருபவை போலி. மூன்று முறை அகப்பட்டால் கோப்பே நீக்கப்படும். அதன் பக்கத்தில் 'போலி மதிப்பீடு காரணமாக நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நிற்கும். சரிபார்ப்பவரின் திரையில் கோப்பின் எண்ணைத் தவிர, தலைப்போ ஏற்றியவரின் பெயரோ தெரியக் கூடாது. கோப்பைத் திறந்து பார்க்கவும் கூடாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று கை தடுமாறக் கூடாது என்பதற்காக இதையும் அவளே வற்புறுத்திக் கொண்டுவந்தாள். தன் உறவினர் கோப்பு என்று தெரிய வந்தால் அதில் கை வைக்கக் கூடாது என்பது அதன் துணைவிதி.

அன்று காலை அவள் திரையில் ஓர் எண் சிவந்து நின்றது.

"என்ன சல்லடை, வந்ததும் வராததுமா கல்லு பொறுக்க ஆரம்பிச்சாச்சா?" என்றார் எதிர்மேசைக்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவள் முடிவுகளின் மீது வரும் முறையீடுகளை விசாரிப்பவர் அவர்தான்.

"இதுக்கு மூணாவது தடவை சார். பாருங்க, எல்லாம் அஞ்சு. எல்லாம் ஒரே இடம். நன்றின்னு ஒரே வார்த்தை. சிலதுல அதுவும் பாதியில நிக்குது."

"மெஷினுக்கு மூச்சு வாங்குது போல."

இருவரும் சிரித்தார்கள். அவள் நீக்கு பொத்தானை அழுத்தினாள்.

அந்த வார இறுதியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கான இல்லம் ஒன்றில், உதடு குவிப்பதிலிருந்து தொடங்கி மறுபடியும் பேசக் கற்றுக்கொடுப்பவர். கதவைத் திறந்த அண்ணியின் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"வாங்க நாத்தனாரே. உங்க அண்ணன் இப்ப பெரிய ஆளு. போலின்னு உலகம் பூரா போர்டு மாட்டியிருக்காங்க."

"சும்மா இரு" என்று அண்ணன் கைபேசியை நீட்டினார். "பாப்பா, இது உங்க கம்பெனிதானே. நான் பேசிப் பதிவு பண்ணின பாடத்தையெல்லாம் இதுலதான் போட்டு வச்சேன். இப்ப காணோம். என்னன்னு கேட்டுச் சொல்லேன்."

பக்கத்தின் மேலே இருந்த எண்ணை அவள் பார்த்தாள். இன்னொரு முறை பார்க்கத் தேவையில்லை.

"நீ அவங்கள நட்சத்திரம் போடச் சொன்னியாண்ணா?"

"சொன்னேனே. அதுவும் பயிற்சிதான். வகுப்பு முடிஞ்சதும் எல்லாரையும் வட்டமா ஒக்கார வச்சு, பாடத்தை அவங்கவங்க போன்ல இறக்கச் சொல்வேன். அப்புறம் விறைச்ச விரலை நீட்டி நட்சத்திரத்தை ஒவ்வொண்ணா தொடணும். தொடும்போதே ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டுச் சொல்லணும். கடைசியா நன்றின்னு எழுதணும். முழுசா எழுதிட்டா எல்லாரும் கை தட்டுவோம்."

"மூணுலயே நிறுத்தினவங்க?"

"மூணுல நிறுத்தினா நான் விட்டுடுவேனா?" என்றார் அண்ணன், பெருமையாக.

"இந்த ஒரு வரியால வகுப்பே நின்னு போச்சு" என்றாள் அண்ணி. "நோயாளி வீட்டுக்காரங்க கேக்குறாங்களாம், பித்தலாட்டக்காரரையா வச்சிருக்கீங்கன்னு. அந்த வரி போனாத்தான் உள்ள வரலாம்னு நிர்வாகி சொல்லிட்டாரு."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதை நீக்கினது நான்தான்ணா."

அண்ணி எதையோ சொல்ல வாயெடுத்து, கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பேரைப் பார்க்கலையா பாப்பா?"

"பேர் தெரியாதுண்ணா."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே. என் குரல் உனக்குத் தெரியாதா?"

"கேக்கக் கூடாது. அது விதி."

"யார் போட்ட விதி?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாளே அண்ணன் பெயரில் முறையீடு பதிவாயிற்று. அது தன் அண்ணனுடையது என்று அவள் சொன்னதும், எதிர்மேசைக்காரர் அதை இருமுறை படித்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் சொல்லித்தானே போட்டாங்க?"

"ஆமா சார்."

"அஞ்சு வர்ற வரைக்கும் விடலைதானே?"

"விரல் நீளுறதுக்காக சார்."

"புரியுதும்மா. ஆனா நாளைக்கு இன்னொருத்தன் வருவான், எங்க ஆபீஸ்லயும் எல்லாருக்கும் விரல் விறைச்சிருக்குன்னு. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

தான் என்ன செய்வாள் என்று அவளுக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. முறையீடு தள்ளுபடியாயிற்று.

அண்ணனின் பாடங்கள் இருந்த வரிசையில் இப்போது முதலிடத்தில் நின்றது 'மூன்றே நாளில் பேச்சு' என்ற ஒலிக்கோப்பு. அவள் அதை வீட்டில் இறக்கிக் கேட்டாள். மெல்லிய இசை, இடையிடையே, உங்கள் நாக்கு விடுதலை பெறுகிறது என்று ஒரு குரல். உதட்டை எப்படிக் குவிப்பது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதன் நட்சத்திரங்களோ பல நகரங்களிலிருந்து, பல வேளைகளில், ஐந்தும் நான்குமாகக் கலந்து வந்திருந்தன. ஒலி சற்றுக் குறைவு என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள்கூட இருந்தார்கள். இத்தனை பேரில் ஒருவராவது தன் அனுபவம் என்று ஒரு நாளை, ஓர் எழுத்தை, ஒரு தடுமாற்றத்தைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று தேடினாள். இல்லை. எல்லாம் கூலிச் சாட்சிகள் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை; ஆனால் எந்த விதியிலும் அவை சிக்கவில்லை. அவள் எழுதிய விதிகளை அவளைவிடக் கவனமாகப் படித்தவர்கள் அவர்கள். எவ்வாறு இருந்தால் உண்மை என்று நம்பப்படும் என்பதை வட்டமாக உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

விதியைத் திருத்தக் கோரி மேலிடத்துக்கு எழுதினாள். சான்று கேட்டுப் பதில் வந்தது. சந்தேகம் சான்றாகாது என்ற வாசகத்தை அவளுடைய பழைய குறிப்பொன்றிலிருந்தே எடுத்தாண்டிருந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அண்ணி தொலைபேசியில் அழைத்தாள். குரலில் பழைய குத்தல் இல்லை.

"இல்லத்துல இப்ப மூணே நாள் பேச்சுன்னு எதையோ போட்டுக் காட்டுறாங்களாம். அங்க இருக்குற நர்ஸ் சொன்னா. பாவம், அதுங்களுக்குப் பழக்கம் விடல. பாட்டு முடிஞ்சதும் தானா வட்டமா ஒக்காந்து நட்சத்திரத்தை அமுக்குதுங்களாம்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஊருக்கெல்லாம் பேசக் கத்துக்கொடுத்த மனுஷன், வீட்ல வாயே திறக்குறதில்லம்மா."

அதே வாரத்தில் அவள் திரையில் ஓர் எண் சிவந்தது. வழக்கம்போலத் தலைப்பு இல்லை, பெயர் இல்லை. ஆனால் இணைப்பின் குறியீடு பழகியது. அது அந்த இல்லத்தினுடையது. எல்லாமே ஐந்து. எல்லாவற்றிலும் நன்றி. சிலவற்றில் 'நன்' என்பதோடு நின்றிருந்தது. ஒன்றில் 'ந' மட்டும். வகுப்பு நின்ற பிறகு, முன்பு முழுச் சொல்லை எழுதிய யாரோ ஒருவர் பின்வாங்கி வந்து நின்ற இடமாக அது இருக்கலாம். அல்லது புதிதாக வந்தவராகவும் இருக்கலாம். அவளால் அறிய வழியில்லை.

இது உறவினர் கோப்பு அன்று. விலகிக்கொள்ள விதி இடம் தரவில்லை. விட்டுவைத்தால் அந்தப் பொய்க்கோப்பு இன்னும் மேலே ஏறும். நீக்கினால், இது முதல் முறை என்பதால் கோப்பு போகாது; அதற்கு மனிதர் கையால் விழுந்த நட்சத்திரங்கள் மட்டும் போகும், மற்றவை இருக்கும்.

"என்ன சல்லடை, பெரிய கல்லா?" என்றார் எதிர்மேசைக்காரர்.

"இல்ல சார். சின்னதுதான்."

ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து வந்தாள். மொத்தமாகச் செய்யும் வசதி இருந்தும் அதை அவள் பயன்படுத்தவில்லை. 'ந' கடைசியாக மிஞ்சியது. அதையும் தெரிவு செய்து, பொத்தானை அழுத்தினாள்.

மாலையில் பேருந்தில் நின்றபடியே தளத்தைத் திறந்து பார்த்தாள். 'மூன்றே நாளில் பேச்சு' முதலிடத்திலேயே இருந்தது. கருத்துகளில் எங்கும் நன்றி என்ற சொல் இல்லை. அண்ணனை அழைக்கலாம் என்று எண்ணை எடுத்தாள். மணி நெடுநேரம் அடித்தது; பிறகு மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா" என்றாள்.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனது. மறுமுனையில் மூச்சைத் தவிர வேறொன்றும் வரவில்லை.