பங்களாச் சுவரில் ஒரு துவாரம்

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருக்கோகர்ணத்தில் இருந்த என்னை, குடுமியான்மலைக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போட்டார்கள். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் ஒருத்திதான். அதனால் தலைமை ஆசிரியையும் நானே. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் நடந்தது ஒரு பழைய பாதிரியார் பங்களாவில். எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், சீமையில் தன் சொந்தக் கிராமத்துப் பாதிரியார் வீடு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. அவர் ஊரைவிட்டுப் போய் வெகு நாளாகியும், அந்தச் சீமை வீட்டின் படம் மட்டும் கண்ணாடிச் சட்டத்தோடு கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் படத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அங்கே பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தான கூரை. இங்கே பனிக்கு எங்கே போக? ஆனாலும் அதே கூரை. அங்கே புகைபோக்கி, இங்கேயும் புகைபோக்கி, அதற்குக் கீழே குளிர் காயச் சுவருக்குள் ஒரு அடுப்பு வேறு! மேற்குச் சுவரில் அங்கேயும் ஜன்னல் இல்லை, இங்கேயும் இல்லை. பங்குனி மாதம் உள்ளே உட்கார்ந்தால் ஆளை அவித்து எடுத்துவிடும். புதுக்கோட்டை வெயிலில் இப்படியும் ஒருவர் வீடு கட்டுவாரா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

படத்தில் இல்லாதவை இரண்டே இரண்டு. ஒன்று, மேற்குப் பக்கம் வெயிலுக்காகப் போட்ட தாழ்வாரம். இன்னொன்று, அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று விரல் நுழைகிற அளவில் ஒரு துவாரம். கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஊடுருவிப் போனது. அதன் கீழ் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. எதற்காக? யோசித்து யோசித்து, ஜெபத்துக்கு மணியடிக்கும் கயிறு போன வழி என்று நானே முடிவு கட்டினேன். பிள்ளைகளுக்கும் அப்படியே பாடம் சொன்னேன். வந்திருந்த இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி. புதுக்கோட்டையில் பெரிய பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க நானே மனு எழுதி வைத்திருந்தேன். அப்பா கைநாட்டு வைத்தால் போதும். கடலைக் காட்டில் கூலி வேலை பார்க்கிறவர், தினமும் மகளைக் கொண்டுவந்து விடுவார். ஆனால் வாசற்படியோடு நின்றுவிடுவார்.

"இங்கிட்டுக் கொண்டாங்க டீச்சரம்மா, இங்கனயே வச்சிட்டுப் போறேன்."

மேஜைக்கு வந்துதான் வைக்க வேண்டும், காகிதத்தை வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது சர்க்கார் சட்டமல்ல, நான் போட்ட சட்டம். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மனு தபாலில் போயாக வேண்டும், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றும் அவர் படியிலேயே நின்றார். பொம்பளை டீச்சர்தானே என்ற இளக்காரம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உள்ளே வந்தால் வாருங்கள். இல்லையென்றால் உங்கள் பெண் பெயரை இப்போதே அடித்துவிடுவேன்" என்று பேனாவை எடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கண் நிரம்பிவிட்டது. அவர் ஒரு காலைத் தூக்கினார். திரும்பவும் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சரம்மா, மருவாதி இல்லாம நிக்கலீங்க. பத்து வயசுலேர்ந்து எட்டு வருசம், அந்தா, தாவாரத்துல ஒக்காந்து பங்கா இழுத்தவன் நான். அந்த ஓட்டை வழியாத்தான் கயிறு வரும். ஒருநா கயிறு அந்துபோச்சு. கட்டிவிடலாம்னு உள்ள காலெடுத்து வச்சேன். பட்லர் பெரம்பால கணுக்கால்லயே போட்டாரு. பாதிரித் தொரை பாத்துக்கிட்டேதான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து இந்தப் படியத் தாண்டக் காலு வர மாட்டேங்குதுங்க."

பேனாவை மூடி வைத்தேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சீமை வீட்டை அப்படியே கொண்டுவந்து வைத்தவருக்குச் சூடு தாங்கவில்லை. அதற்காக வீட்டை மாற்றவில்லை. சுவரில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே தலைக்கு மேல் தொங்கும் பெரிய துணி விசிறியான பங்காவைக் கயிற்றால் ஆட்ட, வெளியே ஒரு பையனை உட்கார வைத்துவிட்டார். அந்த ஓட்டையைக் காட்டித்தான் நான் மணிக்கயிறு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனுவையும் மைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் அழுத்திக் கைநாட்டு வைத்தார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விரலை வேட்டியில் துடைத்தபடி அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பங்கா எங்கன தொங்குச்சுங்க? இம்புட்டு வருசம் இழுத்தேன், கண்ணால பாத்ததில்ல."

எனக்கும் தெரியாது. அப்போதுதான் கூடத்து உத்தரத்தில் இருந்த இரண்டு இரும்புக் கொக்கிகள் ஞாபகம் வந்தன. விளக்கு மாட்ட என்று நினைத்திருந்தேன். "மேலே கொக்கி இருக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அண்ணாந்து உத்தரத்தைத் தேடிக்கொண்டே வந்தார். படியைத் தாண்டியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

கொக்கிக்குக் கொக்கி நடந்து பார்த்தார். எட்டு அடி.

"யாத்தே, இம்புட்டுப் பெருசா! அதான் அந்தக் கனம் கனத்துச்சு."

ஆசைதீரப் பார்த்துவிட்டு, இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் நின்றார். மகள் தன் சிலேட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே வீசினாள்.

"இப்படித்தாம்ப்பா காத்து வந்திருக்கும்!"

"சும்மா இரு ஆத்தா" என்றார். ஆனால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

மனு அன்றைய தபாலிலேயே போய்விட்டது. மறுநாள் பிள்ளைகளிடம் மணிக்கயிறு கதை தப்பு என்று சொல்லி, சரியான கதையைச் சொன்னேன். இப்போதும் எந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும், ஆகா, என்ன காற்று என்று தோன்றினால், இதை வெளியே இருந்து யார் இழுக்கிறார்களோ என்று என் கண் தானாகச் சுவரைத் தேடுகிறது.