காணாமல் போன மூன்று மாதம்

துருவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த பெண்கள் வைத்தது. நாளை அரைமணி முன்னதாக வாருங்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவள் மட்டும் ஏன் என்று நிற்பாள். காரணம் சொன்னால் அதற்கும் ஒரு ஏன் வைத்திருப்பாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை உலகத்தில் யாராவது முழுசாகப் படித்திருக்கிறார்களா? துருவி படித்திருக்கிறாள். படித்துவிட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய்ச் சந்தேகமும் கேட்டிருக்கிறாள். அவர் இவளைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்.

இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. சலவைக்கூடத்தில் சூட்டு உருளையின் முன்னால் நின்று நின்றே பாதி ஆயுள் போனது. ஈர விரிப்பின் இரண்டு முனையை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து உருளைக்குள் கொடுக்கவேண்டும். மறுபுறம் காய்ந்து, மடிப்பில்லாமல் வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. முழங்கால் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தபின் ஐந்து வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டாள். கணவர் அதே கூடத்தில் கீழே துவைப்பறையில் பத்து வருடம் இருந்தவர். துவைப்பறையைக் காண்டிராக்டுக்கு விட்டபோது வெளியே வந்து, வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் மிச்சம் இருப்பது மகள். இருபத்து நாலு வயது. நான்கு வயதில் கண்ணில் மூன்று ஆபரேஷன் நடந்தும், இருட்டு எது வெளிச்சம் எது என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. வேலை கேட்டு இரண்டு இடத்துக்குப் போனாள். இரண்டு இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். எனக்கப்புறம் இவளுக்கு யார் என்பதுதான் துருவிக்கு எந்நேரமும் நெஞ்சில் கிடந்த பாரம். ஊரையே கேள்வி கேட்டவளுக்கு, இந்த ஒன்றை மட்டும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஓய்வூதிய அலுவலகத்தின் கையேடு கிடைத்தது. நாற்பத்தாறு பக்கம். ஓய்வுக்கு யார் தகுதி, இறந்தவர் குடும்பத்தில் யார் தகுதி, உடல் இயலாமல் போனால் யார் தகுதி என்று எல்லாம் அதில் இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் அதை விசிறியாக வைத்துக்கொள்வார்கள். துருவி வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மாலையில் அட்டை முதல் அட்டை வரை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மகளுக்கு ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது.

"பதினெட்டாம் பக்கம் மறுபடி படிம்மா" என்றாள் மகள்.

படித்தாள். சந்தா செலுத்தியவர் இறந்துபோனால் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஓய்வூதியம் உண்டு. மனைவி வாங்கலாம். அல்லது, இருபத்தொரு வயதுக்கு முன்பே உடல் இயலாமல் போன பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள். ஆனால் இறந்தவர் பெயரில் நூற்றிருபது மாதம் பதிவாகியிருக்க வேண்டும். மாதத்துக்கு இருபது நாளாவது வேலைக்கு வந்திருந்தால்தான் அது மாதம்.

"அப்பா பத்து வருஷம் இருந்தாருல்ல? பத்துப் பன்னெண்டு நூத்தியிருபது. சரியா இருக்கே" என்றாள் மகள்.

ஆயுள் முழுக்க என்ற சொல்லைத் துருவி தனக்குள் இன்னொரு தடவை படித்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே இருவரும் அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல் முன்னால் இருந்தார்கள். உள்ளே இருந்த அலுவலர் ஒல்லியான மனிதர். கணினியைப் பார்த்தபடியே பேசுவார்.

"நூத்திப் பதினேழும்மா" என்றார். "நூத்தியிருபது வேணும்."

"மூணு மாசம் எங்க போச்சு?"

"லீவு. சம்பளம் இல்லாத லீவுன்னு போட்டிருக்கு."

"எதுக்கு லீவு?"

"அதை என்கிட்ட கேட்டா எப்படிம்மா? அவர் உங்க வீட்டுக்காரர்."

நியாயமான பதில்தான். துருவிக்கு அது சுருக்கென்று தைத்தது. இறந்தவருக்கு மூன்று மாதம் குறைகிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். விதியில் இடமில்லை என்றார் அவர், வருத்தத்தோடுதான். சரி, அவர் பதிவோடு என் பதிவையும் ஒரு பிரதி கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள். கையில் கிடைக்கும் காகிதத்தை விட்டுவைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணவரின் பதிவைப் படித்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்றிலும் பூஜ்யம்.

"அது என் ஆபரேஷன் சமயமாச்சே" என்றாள் மகள்.

ஆமாம். அந்த மூன்று மாதமும் துருவி பிள்ளையோடு வேறு ஊரில் கண் மருத்துவமனையில் இருந்தாள். வார்டுத் தரையில் படுக்கை. அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், சாயங்காலமே கிளம்பிவிடுவார். "காலையில வேலைக்குப் போகணும்" என்பார். வேலைக்குப் போகவில்லை என்று இந்தக் காகிதம் சொல்கிறது. அப்படியென்றால் திங்கள் முதல் சனி வரை அந்த மனிதர் எங்கே போனார்?

"அப்பா யாரையோ பாக்கப் போயிருக்காரு" என்று மகள் சிரித்தாள்.

துருவி சிரிக்கவில்லை. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள்தான். போய்ச் சேர்ந்தவரைச் சந்தேகப்படலாமா என்று மனசு சொன்னது. துருவிப் பார்க்கிற புத்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற காட்சிவரை போய்விட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து தன் பதிவை விரித்தாள். ஓய்வுக்கு நூற்றெண்பது மாதம் வேண்டும். அவளுக்கு நூற்றெண்பத்தொன்று இருந்தது. அறுபது வயது ஆனதும் வாங்கிக்கொள்ளலாம். அந்த நிம்மதியில் மூடி வைத்திருக்கலாம். கண் தானாக அந்த வருடத்தைத் தேடிப் போனது. ஜூன், இருபத்தைந்து நாள் வருகை. ஜூலை, இருபத்தாறு. ஆகஸ்ட், இருபத்து நாலு.

"ஏய், இங்க பாரு" என்று மகளைக் கூப்பிட்டாள். "நான் உன்கூட ஆஸ்பத்திரியில இருக்கேன். இங்க நான் ஒரு நாள்கூட விடாம வேலைக்கும் வந்திருக்கேன்."

"ரெண்டு அம்மாவா எனக்கு?" என்றாள் மகள்.

அந்தச் சமயம் தனக்கு லீவு கிடைத்ததாகத்தான் துருவி நினைத்திருந்தாள். "எல்லாம் பேசிட்டேன், உன் இடம் அப்படியே இருக்கும்" என்று அவர் சொன்னார். எதற்கும் ஏன் என்று கேட்கிறவள், பிள்ளையின் கட்டுப்போட்ட கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால், அன்றைக்கு எப்படி என்று கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனாள். உருளையின் எதிர்ப்பக்கம் பதினைந்து வருடம் அவளோடு விரிப்பு பிடித்தவள் இப்போது அங்கே மேற்பார்வையாளர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டதால் கணீர் அக்கா என்று பெயர். ரகசியத்தைக்கூடத் தெருக்கோடிவரை கேட்கிற மாதிரிதான் சொல்வாள்.

காகிதத்தைக் காட்டிய உடனே அக்காவின் முகம் மாறியது. "போனவர் போயிட்டாரு. இனிமே என்ன" என்று துணிமூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, சொல்லு. வேற வீடு எதுவும் இருந்துச்சா?"

"அட கூறு கெட்டவளே" என்றாள் கணீர் அக்கா. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உன் இடத்துலடி நின்னாரு. எனக்கு எதிர்ல. உன் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். துருவிக்கு அப்போது தற்காலிக வேலை. தற்காலிக ஆள் ஒரு மாதம் வராவிட்டால் இடம் போய்விடும். கணவர் நிரந்தர ஆள். சம்பளமில்லாத லீவு போட்டாலும் அவர் இடம் பத்திரம். அதனால் அவர் தன் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் வாசலில் வருகை பதியும் கடிகாரத்தில் துருவியின் அட்டையைக் குத்திவிட்டு, மாடி ஏறி உருளைக்கு வந்திருக்கிறார். உருளையறையில் இருபத்திரண்டு பெண்கள், நடுவில் மீசை வைத்த ஒருவர். அப்போதைய மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் போய்விட்டார்.

"முதல் வாரம் பதினோரு விரிப்பைத் தீய்ச்சாரு. நாங்கல்லாம் அவரைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவோம். மூணு மாசமும் தங்கச்சிதான். கோவிச்சுக்கவே மாட்டாரு. உன்கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கெஞ்சினாரு. தெரிஞ்சா பிள்ளையை விட்டுட்டு ஓடி வந்துடுவாளாம்."

"அவர் லீவு போட்டா அவர் மாசம் குறையும்னு யாருக்கும் தோணலையா?"

"கேட்டேன்டி. ஒரே வீடுதானே, யார் பேர்ல இருந்தா என்னன்னாரு."

ஒரே வீடுதானே. அந்த இடத்தில்தான் மனிதர் தப்புப் பண்ணினார். வீடு வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம். பதிவேடு ஆளுக்கு ஒன்று. துருவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருடம் பக்கத்தில் படுத்து எழுந்தவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா, கல்லுளிமங்கன் என்று அங்கேயே திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். நேற்று மனசில் ஆணி அடித்துச் சட்டை மாட்டியதற்கும் சேர்த்து அழுதாள். அக்கா துவைத்த தலையணை உறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

பழைய பெட்டியில் கண் மருத்துவமனைக் கோப்பு இருந்தது. உடனிருப்பவர் என்ற கட்டத்தில் மூன்று மாதமும் தினமும் துருவியின் கையெழுத்து. அதையும், சாட்சிக்குக் கணீர் அக்காவையும், மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் எண் ஜன்னலுக்குப் போனாள்.

அலுவலர் முதல்முறையாகக் கணினியை விட்டுவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கோப்பைப் புரட்டினார். உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார்.

"திருத்தலாம். வேலை நடந்திருக்கு, ஆள்தான் வேற. இந்த மூணு மாசம் நான் வேலை செய்யலை, என் கணவர்தான் செஞ்சார்னு நீங்க எழுதிக் குடுத்தா அவருக்கு நூத்தியிருபது ஆயிடும். பொண்ணுக்கு ஆயுசுக்கும் உண்டு."

துருவி பேனாவுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"ஒண்ணு யோசிச்சுக்குங்கம்மா. இந்த மூணும் உங்ககிட்டேருந்துதான் போகும். உங்களுது நூத்தி எழுபத்தெட்டு. ரெண்டு குறையும். அப்புறம் அறுபது வயசுல உங்களுக்கு ஒண்ணும் வராது. இப்படியே விட்டா யாரும் வந்து கேக்கப் போறதில்ல."

"வேண்டாம்மா" என்று மகள் அவள் கையைப் பிடித்தாள். குரலில் பழைய விளையாட்டு இல்லை. "அப்பா உனக்குக் குடுத்தது அது. எனக்கு எதாவது வேலை கிடைக்கும். நீ கையெழுத்துப் போடாத."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கையேட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் குறையற ரெண்டு மாசத்துக்கு நான் மறுபடி வேலைக்குப் போவேன்" என்றாள் துருவி. "உருளையில நிக்க முடியாட்டி மடிக்கிற மேசையில உக்காந்து செய்வேன். அக்கா எடுத்துக்குவா. என்னால ரெண்டு மாசம் போக முடியும். உங்கப்பாவால இனிமே ஒரு நாள் போக முடியுமா, சொல்லு."

மகள் பிடித்த கையை மெதுவாக விட்டாள். அலுவலர் ஜன்னல் வழியாகப் பேனாவை நீட்டினார்.