ராகு காலத்தில் ஊர் சுற்றிக் காட்டியவள்

பிடரியில் முதன்முதலாகக் காற்று பட்டபோது, யாரோ பின்னால் நின்று ஊதுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. இடுப்புவரை தொங்கிக்கொண்டிருந்த என் சடை கிணற்றடியில் கிடந்தது. கத்தரியும் கையுமாக என் தாய்மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜப்பான்காரன் காலம் அது. சிப்பாய்களின் கண்ணில் படக்கூடாதென்று மலாக்காவில் பல வீடுகளில் வயசுப் பெண்களின் தலையை இப்படித்தான் ஒட்ட வெட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்து அம்மாள், மாரியம்மனைக் கும்பிட்டாலும் மலாயிலேயே பேசுகிறவள், வேலிக்கு மேலே கையை நீட்டித் தன் மகனுடைய அரைக்கால் சட்டையைக் கொடுத்தாள். அன்றைக்கு ராசாத்தி என்கிற நான் "ராசு" ஆனேன். ஊரெல்லாம் பெண்கள் அழுத அந்தக் காரியத்தில் லாபம் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று அடித்துச் சொல்வேன்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. என் எழுத்தில் கோணல் இருக்கலாம், விஷயத்தில் கோணல் இருக்காது. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் "கித்தா" என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கூலி லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர் போனவர்தான். அம்மா சின்னப் பிள்ளைகளோடு தோட்டத்திலேயே இருந்துகொண்டு, பதின்மூன்று வயதான என்னை மலாக்காப் பட்டணத்தில் காஜா பேராங்கில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். பட்டணம் என்றால் கதையில் கேட்டதுதான். மாமா வீட்டுக்கு வந்த முதல் பத்துப் பதினைந்து நாள், வாசற்படியைத் தாண்ட விடாமல் என்னை அடைத்தே வைத்திருந்தார்கள். மொட்டை அடித்தாற்போல் முடியை வெட்டி அரைக்கால் சட்டையை மாட்டிய பிறகுதான் எனக்குக் கதவு திறந்தது.

மாமா ஆற்றோரத்தில் சரக்கு அடைக்கிற ஒரு "கிட்டங்கி"யில் மூட்டை சுமந்தார். அவருக்கு மத்தியானத்துக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோவது என் வேலை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. நான் நேரேதான் வந்தேன், மலையைச் சுற்றிக்கொண்டு நேரே வந்தேன். சிவப்பு மாளிகையின் தூண்களைத் தொட்டுப் பார்த்தேன். மலை உச்சியில் கூரையில்லாத பழைய மாதா கோயிலுக்குள் போய், சுவரில் சாத்திவைத்திருந்த, ஆள் உயரத்துக்கு மேலான கல்லறைக் கற்களில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே மாதத்தில், அந்த ஊரிலேயே பிறந்த பையன்கள் என்னிடம் குறுக்குவழி கேட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், ஆனாலும் உண்மை.

இப்படி நான் ராஜாவாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமா எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார். மாமா கெட்டவரில்லை. "வயசுப் பொண்ண வச்சிருக்கிறது வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டிருக்கிற மாதிரி" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வார். அரிசி கண்ணில் படாத காலத்தில் ஒரு வாய் கூடுதலாக இருப்பதும் அந்த நெருப்பில் சேர்த்திதான் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குச் செங்கு என்கிற ஊரில் மரவள்ளிக் காடு இருந்தது. முதல் பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், முப்பது வயதுக்கு மேல். "கழுத்துவரைக்கும் கிழங்கு திங்கலாம்டி, உனக்கென்ன கொறச்சல்" என்றாள் அத்தை. கிழங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் செங்கில் ஆறு ஏது, மலை ஏது, மணிக்கூண்டு ஏது? ஒரு காட்டு நடுவில் கிழங்கு உரித்தே நான் கிழவியாவதா?

பெண் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில், கிட்டங்கிச் சிநேகிதர் ஒருவரிடம் மாமா சொல்லிவைத்திருந்த ஒரு பொட்டலம் சீனியை வாங்கிவர அத்தை என்னை அனுப்பினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணிக்கூண்டைத் தாண்டும்போது, ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து கனத்த உடம்புடன் ஓர் அம்மாள் இறங்கினாள். பின்னாலேயே வெள்ளை வேட்டியில் உயரமாக ஓர் ஆள், தலையைக் குனிந்தபடி.

"டேய் தம்பி, காஜா பேராங்கு எந்தப் பக்கம்? கிட்டங்கில வேல செய்றாரே..." என்று அந்த அம்மாள் என் மாமா பெயரைச் சொன்னாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவர்கள்தான். அவளோ அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு, "ஒம்பதாச்சு. ராகு காலம் முடிஞ்சுது, நட போவோம்" என்று மகனை அவசரப்படுத்தினாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்ட வேளையில் வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு நல்லதுதானே? ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருத்தருக்குத் தெரியவில்லை என்றால் என் நாக்கு சும்மா கிடக்காது, இன்றைக்கும் கிடப்பதில்லை. "பெரியம்மா, அது ஜப்பான் மணி. தோக்கியோவுல எத்தன மணியோ அதத்தான் இங்க காட்டணும்னு முள்ளத் தள்ளி வச்சிருக்காங்க. நம்ம பழைய மணிக்கு இப்ப ஏழரதான். ராகு காலம் இப்பத்தான் பொறக்குது."

அந்த அம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சரியா ராகு காலத்துல போயி நொழஞ்சிருப்பேனே! சூரியன நம்பாம இந்தக் கடியாரத்த நம்பினேனே!" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கெட்டிக்காரப் பய. ஒம்பது மணி, நம்ம ஒம்பது மணி ஆவுறவரைக்கும் என்னடா செய்யிறது?"

"ஊரச் சுத்திக் காட்டவா?" என்றேன்.

மலாக்காவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நான், பிறந்தது முதல் செங்கைவிட்டு நகராத அந்தக் கிழங்குக்கார அம்மாளுக்கும் அவள் மகனுக்கும் ஊர் காட்டப் புறப்பட்டேன். முதலில் மலை. பாதி ஏறும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் முன்னால் ஓடி, உச்சியில் நின்று கையை நீட்டி, "அதோ கடல், அந்தக் கடல்லதான் நம்ம ஆளுங்க கப்பல்ல வந்தாங்க" என்று, எல்லாக் கப்பலையும் நானே கட்டியனுப்பியது மாதிரி சொன்னேன். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு மெதுவாகக் கொக்கியைப் போட்டாள்.

"அந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்காமே, ராசாத்தின்னு. உனக்குத் தெரியுமாடா?"

வந்தது பாருங்கள் என் நேரம். நொண்டி என்று சொல்லியிருக்கலாம். காக்காய் வலிப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், வண்டி அப்படியே செங்குக்குத் திரும்பியிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. என்னைப் பற்றி நானே மட்டமாகப் பேசுவதா?

"தெரியுமாவா? காஜா பேராங்குலேயே அவதான் கெட்டிக்காரி" என்றேன்.

அம்மாள் முகம் மலர்ந்தது. "வேலவெட்டி?"

"அரை மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஓடுவா."

"அடக்கமா இருப்பாளா?"

"அடக்கமா? அவ பேச ஆரம்பிச்சா பாசாரே அடங்கிரும், பெரியம்மா. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவா. யார் சொன்னாலும் தனக்குச் சரின்னு பட்டாத்தான் செய்வா."

மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: பொய் சொல்லத் தேவையே இல்லை, என் பெருமையே என்னைக் காப்பாற்றும். அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. அதுவரை வாயே திறக்காத அந்த நெட்டை மனிதர் கடலைப் பார்த்தபடி, "வெளையாடுற வயசுப் பொண்ணும்மா" என்றார். "நீ சும்மா இரு" என்றாள் தாய்.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கோட்டை இடிந்து மிஞ்சிய கல்வாசலைக் காட்டினேன். அப்போதெல்லாம் அலைச் சத்தம் அந்த வாசல்வரை கேட்கும். திரும்பி ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். பாலத்து முனையில் துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய் நின்றான். அவனுக்குக் குனிந்து வணக்கம் வைக்காமல் போனால் கன்னம் பழுத்துவிடும். காட்டிலேயே கிடந்த அந்த அம்மாளுக்கு இது பழக்கமில்லை. ஆற்றில் நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்து நடந்தாள். சிப்பாய் ஓரடி முன்னால் வந்தான். நான் எம்பி அவள் பிடரியில் கையைப் போட்டு ஒரே அமுக்காக அமுக்கினேன். மாமியாராக வர இருந்தவளைத் தலை குனிய வைத்துவிட்டுத்தான் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தேன். இப்படி மலாக்காவில் இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். பாலம் தாண்டியதும், "பொழச்சேன்டா சாமி" என்று என் கையைப் பிடித்தவள் வெகுதூரம் விடவே இல்லை.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குள் நுழைந்ததும், அடுக்கடுக்கான கூரையோடு நின்ற பள்ளிவாசலைச் சீனன் கோயில் என்று நினைத்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் சிரித்துவிட்டார். "ஆத்தா, இது பள்ளிவாசல். பரவால்ல, போட்டதப் போட்டுட்டீங்க. உங்க புள்ளையாரு இதே தெருவுலதான் இருக்காரு, அவருக்கு மிச்சம் வச்சிக்கிங்க."

பிள்ளையார் கோயிலில் அவர்களைக் கும்பிடவிட்டு, வீட்டுக்கு வழியையும் சொல்லிவிட்டு, நான் சந்து வழியாக ஓட்டம் பிடித்தேன். அத்தை வாசலிலேயே காத்திருந்து, சீனிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தாள். முகத்தைக் கழுவி, பாவாடை தாவணி கட்டி, வெட்டிய என் சடையையே சவுரியாகத் தலையில் வைத்துக் கட்டி, கட்டு தெரியாமல் பூச்சரத்தால் மறைத்து, தலைகுனியவைத்து மூலையில் உட்காரவைத்தாள்.

அவர்கள் வந்தார்கள். சீனி தூவிய கிழங்கு வைத்தேன், நிமிரவே இல்லை. அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன் சொன்ன மாதிரி இல்லியே, பூனை மாதிரி இருக்காளே" என்று திருப்தியோடு முனகினாள். அந்தத் திருப்தி ஒன்று போதும், நான் செங்குக்குப் போய்ச் சேர. மாமாவோ, "நல்ல நேரம் பாத்து வந்திருக்கீங்க" என்று முகமன் சொன்னார்.

"பின்னே? அந்த ஜப்பான்காரன் மணிக்கூண்டு என்னிய ஏமாத்தப் பாத்துச்சு. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டேன்ல!" என்றாள் அவள்.

"நீங்களா கண்டுபிடிச்சீங்க? நான் சொன்னதுதானே!" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். அத்தை நெற்றியில் அறைந்துகொண்டாள். மாமா எழுந்துவிட்டார். கிழங்குக்கார அம்மாள் வாயில் வைத்த கிழங்கை விழுங்காமல் என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவள் வாயிலிருந்து வரும் அடுத்த வார்த்தையில் என் ஆயுசு இருக்கிறது.

"என் தலைய அமுக்கினது நீதானா?"

"ஆமா, பெரியம்மா."

"மலையில சொன்னதெல்லாம்?"

"ஒண்ணுகூடப் பொய்யில்ல."

முதலில் சிரித்தது அந்த நெட்டை மனிதர்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் தாயும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவளக் கொண்டுபோனா என் வீட்டுல ரெண்டு மாமியா ஆயிரும்" என்றாள். மாமாவின் முகம் விழுந்தது. அதையும் அவள் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பட்டணத்துல எங்க கிழங்க ஏமாறாம விக்க எனக்கு ஆள் இல்ல. முடி வளந்தா மறுபடி வெட்டுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ வண்டி பாலத்தடிக்கு வரும். உங்க வீட்டுக்கு வேண்டிய கிழங்க அதுலயே எடுத்துக்கிங்க. என்னடா ராசு, விப்பியா?"

கேட்டது என்னிடம், மாமாவிடம் இல்லை. விற்பேன் என்றேன்.

ஜப்பான்காரன் போகும்வரை பாலத்தடியில் விற்றேன். வெள்ளைக்காரன் திரும்பியதும் முடியை வளர்த்துக்கொண்டு வேகவைத்து விற்றேன், பொரித்து விற்றேன், பிறகு பெஞ்சு போட்டுச் சோறு போட்டேன். கல்யாணமும் ஆயிற்று, இருபத்து நான்கு வயதில், நானே பார்த்து. செங்கு மாப்பிள்ளை வேறோர் அடக்கமான பெண்ணைக் கட்டி நன்றாக இருந்தார். சாகும்வரை என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்.

இன்று அந்த ஊர் எங்கே இருக்கிறது? கல்வாசலில் நின்றால் அலைச் சத்தம் இல்லை. மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். மாமா மூட்டை சுமந்த கிட்டங்கி வரிசையில் தங்கும் விடுதிகள் வந்துவிட்டன. மூட்டைப் படகுகள் நின்ற ஆற்றில், வெளியூர்க்காரர்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு படகில் போகிறார்கள். செங்கில் மரவள்ளிக் காடு இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலை நிற்கிறது. ஒரு கிழங்குச் செடிகூட மிஞ்சவில்லை. நான் மருமகளாகப் போய் உரித்துக்கொண்டே கிடந்திருக்க வேண்டிய மண் அது. அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு என் கடையிலிருந்துதான் போகிறது.