மூன்று விநாடிக்குக் குறைந்தவை

எண்பதுகளின் நடுவில், செங்கம் சாலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடியறையில் என் மனைவி ஏழு மாதம் படுத்திருந்தாள். குரல் மெலிந்துவிட்டது, கட்டிலருகே நின்றால்தான் கேட்கும். கீழறையில் விடைத்தாள் திருத்தும் எனக்கு அவள் அழைப்பது தெரிய வேண்டும் என்று ஒரு கருவி செய்தேன்.

ஒரு சாதாரண அழைப்பு மணியே போதும். ஆனால் நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தவன். ஆய்வகத்தில் கழித்துப்போட்ட நுண்செயலிப் பலகை ஒன்று என்னிடம் இருந்தது. மருந்து வேளைகளையும் அது ஒலித்துக் காட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்த ஒரு சில்லுக்கு, இன்ன வேலைக்கென்று ஒதுக்கப்படாத பொதுப்பயன் முனைகள் உண்டு. ஒரு முனை கேட்க வேண்டுமா, சொல்ல வேண்டுமா என்பதைத் தொடக்கத்திலேயே நாம் எழுதிக்கொடுக்க வேண்டும். அவள் கைக்கடியில் இருந்த விசையை ஒரு முனையில் இணைத்து, அதைக் கேட்க வைத்தேன். கீழறை மணியை இன்னொன்றில் இணைத்து, சொல்ல வைத்தேன்.

கேட்கும் முனையை அந்தரத்தில் விடக் கூடாது. விசை அழுத்தப்படாத நேரத்தில் அதை ஒரு நிலையில் இழுத்துப் பிடிக்க ரெசிஸ்டர் எனும் சிறு மின்தடை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தைக்கூட அது அழைப்பென்று எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் கரும்பலகையில் இதை எழுதியவன் நான். அந்த மின்தடை என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஈயம் பற்றவைக்கும் புகை அவளுக்கு இருமலைக் கிளப்பும் என்று தள்ளிப்போட்டேன். மொட்டை மாடியில் வைத்துச் செய்திருக்கலாம்.

மணி தானாக ஒலித்தது. நான் ஒவ்வொரு முறையும் படியேறினேன்.

"கூப்பிட்டியா?"

"இல்லீங்க. பெட்டிக்கு உங்களப் பாக்கணும்னு இருந்திருக்கும்."

இன்னொரு நாள், சிரிக்காமல் சொன்னாள்: "இத்தன வருஷமா நான் கூப்பிட்டு நீங்க வந்ததில்ல. இப்ப கூப்பிடாமலே வர்றீங்க. நல்ல பெட்டிதான்."

கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்காகத் தெருவில் ஒலிபெருக்கிக் கம்பிகள் இழுத்தபோது தொல்லை அதிகமாயிற்று. அப்போதும் நான் மின்தடையை எடுக்கவில்லை, நிரலை மாற்றினேன். மூன்று விநாடி தொடர்ந்து வந்தால் மட்டுமே அழைப்பு. அதற்குக் குறைந்தவற்றைத் தள்ளிவிட்டு, தள்ளியவை எத்தனை என்று நினைவகத்தின் ஓரிடத்தில் எண்ணி வைக்கும். மாலைதோறும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சுழியாக்குவேன்.

"இனிமே மூணு விநாடி அழுத்திப் புடிக்கணும்," என்றேன்.

"ஜாஸ்தியா இருக்கே. அதுக்குள்ள எதுக்குக் கூப்பிட்டேன்னே மறந்துடும்."

"மூணே விநாடிதான்."

"சரிங்க சார்," என்றாள், என் மாணவர்களைப்போல.

அதன்பின் மணி பொய்யாக ஒலிக்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. சில வாரங்களில், கரண்டி அவள் விரல்களில் நிற்காமல் நழுவுவதைக் கண்டேன். கஞ்சியை நானே ஊட்டத் தொடங்கினேன். விசையைப் பற்றி நினைக்கவில்லை.

ஒரு பிற்பகல் முழுவதும் மணி ஒலிக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு கட்டுத் தாளையும் திருத்தி முடித்தேன். நான்கு மணிக்குக் காப்பியோடு மேலே போனபோது அவள் இறந்திருந்தாள். விசை கைக்கடியில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

உறவினர்கள் வந்து நிறைவதற்கு முன் பலகையின் எண்ணைப் பார்த்தேன். பதினொன்று.

பதினொன்றில் சுவரின் ரீங்காரம் எத்தனை, அவள் விரல் எத்தனை என்று பிரித்தறிய வழியில்லை. காரியம் முடிந்தபின் அந்த வெற்று அறையில் கருவியை ஓடவிட்டு நாள்தோறும் பார்த்தேன். ஒரு நாள் ஒன்பது. ஒரு நாள் பதின்மூன்று. ஒரு நாள் பதினொன்றே வந்தது. ஆளில்லாத கட்டிலிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. நான் எழுதிய நிரல் அவற்றைச் சரியாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு காலை அந்தக் கட்டிலில் படுத்து விசையை அழுத்திப் பிடித்தேன். மூன்று விநாடி, நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

கீழே மணி ஒலித்தது. வீட்டில் வேறு யாருமில்லை.

அந்த வாரமே மின்சாரம் நின்று வந்தது. நிரலும் எண்ணும் அழிந்தன. அப்படி அழிந்தால் அந்தச் சில்லின் பொது முனைகள் எல்லாம், மணியின் முனையும்கூட, தாமாகவே கேட்கும் நிலைக்குத் திரும்பிவிடும். அதன் அமைப்பு அப்படி. இம்முறை நான் நிரலை மறுபடி ஊட்டவில்லை. பலகையை அணைக்கவும் இல்லை.